நந்தும் நாங்களும்

உயிர்களை அறிவின் அளவால் அடுக்கிக் காட்டிய தொல்காப்பியர், மரபியலில் நந்துக்கு ஈரறிவு மட்டுமே தந்தார். மெய்யால் தொட்டறிதலும் நாவால் சுவைத்தறிதலுமே அதற்கு உள்ளவை. மூக்கால் மோந்தறியும் மூன்றாம் அறிவு எறும்பிலிருந்தே தொடங்குகிறது என்பது அப்பேராசான் வகுத்த முறை. எம்மொழியின் முதுநூலில் குறை காண்பது எம் நோக்கமன்று. ஆயினும், கரமனையில் எங்கள் வீட்டுப் பின்புறத்தில் நான்கு மழைக்காலம் கையில் விளக்கும் வாளியுமாக நின்றவர்கள் என்ற முறையில், நந்துக்கு மூக்கும் உண்டு என்று பணிவுடன் சொல்லத் துணிகிறோம். முட்டைக்கோசு இலையை ஈரச் சாக்கில் பொதிந்து தோட்டத்தின் ஒரு மூலையில் வைத்தால், மறுமூலையிலிருந்து நத்தைகள் வழி தவறாமல் வந்து சேரும். அவற்றின் உணர்கொம்புகள் மணத்தை அறிவன என்றே இற்றை நாள் உயிரியலாரும் கூறுகின்றனர். அந்த அறிவே எங்களுக்குப் பின்னாளில் துணையாயிற்று.

எங்கள் தோட்டம் என்பது பெரிய சொல். கிணற்றடிக்கும் மதிலுக்கும் இடையே கிடக்கும் நான்கு சென்ட் நிலந்தான் அது. அதில் இரண்டு தென்னை, ஒரு முருங்கை, இரண்டு பப்பாளி, ஒரு வாழைக்கூட்டம். எஞ்சியதெல்லாம் எங்கள் அன்னையாரின் பூச்செடிகள். தோவாளையிலிருந்து பதியன் கொண்டுவந்து வைத்த பிச்சி, கனகாம்பரம், நந்தியாவட்டை, துளசி. திருவனந்தபுரத்தில் பூவுக்குப் பஞ்சமில்லை. தோவாளைப் பூ நாள்தோறும் விடியுமுன் சாலைக் கடைத்தெருவுக்கு வந்துவிடுகிறது. எனினும் விலைக்கு வாங்கிய பூவைத் தலையில் சூடலாமேயன்றிச் சாமிக்கு வைக்கலாகாது என்பது அன்னையாரின் கட்டளை. பிறந்த மண்ணின் செடி புகுந்த மண்ணில் பூப்பதைக் காண்பதில் அவருக்கிருந்த நிறைவை, வெளியூரில் வாழும் நம்மவர் எவரும் விளக்கமின்றியே உணர்வர்.

2019ஆம் ஆண்டு இடவப்பாதி மழை தொடங்கிய கிழமையில், கனகாம்பர நாற்றுகள் ஓரிரவில் மறைந்தன. தண்டு மட்டும் துரும்புபோல் நின்றது. எலி என்றோம். மறுநாள் பப்பாளிக் கன்றின் குருத்து போயிற்று. புழு என்றோம். அடுத்த வீட்டுக் கோழியின்மீதும் ஐயுற்றோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம். நத்தையை நினைக்காததற்குக் காரணம் உண்டு. ஓடில்லாத, தோல் போர்த்தாற்போன்ற கரிய நத்தை எங்களுக்குப் பழக்கமானதே. மழைநாளில் அம்மிக்கல்லின் அடியிலும் தொட்டியின் விளிம்பிலும் அது சுருண்டு கிடக்கும். தொட்டியைச் சுற்றி அடுப்புச் சாம்பலைத் தூவினால், சாம்பல் உலர்ந்திருக்கும் மட்டும் அது கடவாது. அந்த எளிய பகைவனை அறிந்திருந்தமையால், பெரிய பகைவன் ஒருவன் உளன் என்பதே தோன்றவில்லை.

நான்காம் இரவு கைவிளக்குடன் சென்றோம். பிச்சிக்கொடியின் மேலும், துளசி மாடத்தின் மேலும், சுண்ணம் பூசிய மதிலின் மேலும், எங்கள் உள்ளங்கை நீளம் உள்ள நத்தைகள். கூம்பிய ஓடு, அதில் பழுப்பும் வெண்மையுமாக நெடுவரிகள். மதிலில் இருந்தவை செடி எதையும் தின்னவில்லை. சுண்ணாம்பையே சுரண்டித் தின்றன. ஓடு வளர்ப்பதற்கு அவற்றுக்குச் சுண்ணம் வேண்டும்; ஆகவே சுவரையும் விடா. முப்பத்தொன்று எண்ணினோம். அதன்பின் எண்ணும் துணிவு வரவில்லை.

ஆப்பிரிக்கப் பெருநத்தை என்பது அதன் பெயர். கேரளத்தார் ‘ஆப்பிரிக்கன் ஒச்சு’ என்பர். கிழக்காப்பிரிக்கா அதன் தாயகம். உலகின் மிகக் கேடான நூறு அயலினங்களின் பட்டியலில் இதற்கும் ஓர் இடம் உண்டு. ஒரே உடலில் ஆணும் பெண்ணுமாக அமைந்தது. ஒரு முறைக்கு நூறு முதல் நானூறு வரை முட்டையிடும். அதையும் ஆண்டில் பலமுறை செய்யும். ஐந்நூறு வகைச் செடிகளுக்கு மேல் தின்னும். கோடை வந்தால் ஓட்டின் வாயை மூடிக்கொண்டு மண்ணிலோ சுவரிடுக்கிலோ ஒடுங்கி, மாதக்கணக்கில் உணவின்றி உறங்கும். செத்தது என்று நாம் ஒதுக்கி வைத்த ஓடு, முதல் மழையில் கொம்பு நீட்டும்.

இது தானே நடந்து வந்ததன்று. நத்தையின் நடையில் ஆப்பிரிக்காவிலிருந்து கரமனைக்கு வருவதென்றால் யுகங்கள் ஆகும்! மனிதரே கொணர்ந்தனர். 1847இல் பென்சன் என்பவர், சிப்பியும் நத்தையும் ஆராய்வதில் விருப்புடையவர், மொரீசியசுத் தீவிலிருந்து சிலவற்றைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். சௌரங்கியில் ஒரு தோட்டத்தில் அவை விடப்பட்டன. இந்திய மண்ணில் இதன் வரலாறு அங்கே தொடங்குகிறது. இலங்கைக்கு 1900ஆம் ஆண்டளவில் சென்றது. இரண்டாம் உலகப்போரின்போது சப்பானியப் படையினர் உணவுக்கென்று பசிபிக் தீவுகள் பலவற்றுக்குச் சுமந்தனர். கேரளத்தில் முதலில் பாலக்காட்டுப் பக்கத்தில் காணப்பட்டுப் பின் கோன்னி முதலிய இடங்களில் பெருகியது. 2018ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் பல ஊர்களுக்கு அதைக் கொண்டு சேர்த்தது என்பர்.

இவற்றுள் எம் மனத்தைத் தொட்டது அமெரிக்காவில் நிகழ்ந்த ஒன்று. 1966இல் ஒரு சிறுவன் அவாய்த் தீவிலிருந்து மூன்றே மூன்று நத்தைகளை மியாமி நகருக்கு எடுத்துவந்தான். அவன் பாட்டி அவற்றைத் தோட்டத்தில் விட்டுவிட்டார். ஏழாண்டில் பதினெட்டாயிரத்துக்கு மேல் கண்டெடுத்தனர். ஒழிக்க ஏறக்குறையப் பத்தாண்டும் பத்து இலட்சம் டாலருக்கு மேலும் ஆயின. 2011இல் மீண்டும் தோன்றின. 2021இல் ஒழிந்தன என்று அறிவித்தனர். 2022இல் அம்மாநிலத்தின் வேறொரு பகுதியில் மறுபடி தலைகாட்டின. அந்தப் பாட்டியைக் குறை கூற எங்களுக்கு நா எழவில்லை. ஏன் என்பது இனி விளங்கும்.

அடுத்த வீட்டுச் சேச்சி எங்களுக்கு முப்பதாண்டுப் பழக்கம். ஓணத்துக்கு அங்கிருந்து அடைப் பிரதமன் வரும். பொங்கலுக்கு இங்கிருந்து சர்க்கரைப் பொங்கல் போகும். அவர் வீட்டுச் சேனையையும் சேம்பையும் நத்தை மொட்டையடித்த காலையில், மதிலின் மேலாகத் தலை நீட்டி, “இது பாண்டி லோறியில் வந்நதா” என்றார். காய்கறி ஏற்றிவரும் தமிழ்நாட்டு வண்டிகளைச் சொன்னார். எங்களைச் சொல்லவில்லை. ஆயினும் ‘பாண்டி’ என்ற சொல் இவ்வூரில் தமிழர் செவியில் எப்படி விழும் என்பதை இம்மலரைப் படிப்போர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அன்று எங்கள் வீட்டில் மதிய உணவு உப்புச் சப்பின்றிப் போயிற்று.

எங்கள் பாட்டனார் கோட்டாற்றிலிருந்து சாலைக் கடைத்தெருவுக்கு வந்தபோது அவர் எந்த எல்லையையும் கடக்கவில்லை. ஒரே திருவிதாங்கூரில் ஓரூர் விட்டு ஓரூர் வந்தார், அவ்வளவே. 1956 நவம்பர் முதல் நாள் கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதற்காகப் போராடியவர்களை நாங்கள் இன்றும் வணங்குகிறோம். ஆனால் அன்று காலையில் எங்கள் பாட்டனார் கடையைத் திறந்தபோது, முந்தின இரவு உள்ளூராராய் உறங்கியவர் வெளியூராராய் விழித்திருந்தார். இந்தக் கதையையெல்லாம் மதிலின் மேலாகச் சேச்சிக்குச் சொல்ல முடியுமா? சினத்தை விழுங்கிக்கொண்டோம்.

நத்தைகளை என்ன செய்வது என்பதில் வீட்டுக்குள்ளேயே பிணக்கு எழுந்தது. உப்பைத் தூவினால் அவை உருகிச் சாகும் என்று எவரும் அறிவர். அன்னையார் புலால் உண்ணாதவர். அந்திப் பொழுதில் கொசுவை அடிப்பதற்கும் தயங்குபவர். “என் கண்ணு முன்னால உப்பப் போட்டுராதீங்க மக்கா. வாயில்லாச் சீவன். தூரக் கொண்டுபோய் விட்டுட்டு வாங்க” என்றார். நாங்களும் மூன்றிரவு சாக்கில் அள்ளிச் சென்று கரமனையாற்றின் கரையில் விட்டுவந்தோம். அருளறம் செய்த நிறைவோடு உறங்கினோம். செய்தது எத்தகைய தீங்கு என்பதைக் கிருஷிபவனில் இருந்த அலுவலர் சொல்லித்தான் அறிந்தோம். “உங்கள் வீட்டில் இருந்தவற்றை ஆற்றங்கரை முழுவதற்கும் உரிமையாக்கிவிட்டீர்கள்” என்றார். கடிந்து சொல்லவில்லை, சிரித்தபடியே சொன்னார். அது இன்னும் சுட்டது.

அவரே இன்னொன்றும் வினவினார்: “அண்மையில் மண்ணோ எருவோ வெளியிலிருந்து வாங்கினீர்களா?”

வாங்கியிருந்தோம். முந்தின ஆண்டு துலாவர்ஷ மழைக்கு முன், பிச்சிக்கென்று மூன்று மூட்டை தொழுவுரம் ஒரு சிறு வண்டிக்காரரிடம் வாங்கினோம். பிரித்துக் கொட்டும்போது, வெளிர்மஞ்சள் நிறத்தில், மிளகினும் சற்றே பெரிய உருண்டைகள் ஒரு பிடி அளவு கிடந்தன. ஏதோ வித்து என்று எண்ணி மண்ணோடு மண்ணாகக் கிளறிவிட்டோம். அவைதாம் முட்டைகள். அதனோடும் நின்றோமா? அந்த எருவில் வேர்விட்ட பிச்சிப் பதியன்களை, தாய்மண் உதிராமல் தேங்காய்ச் சிரட்டையில் வைத்து, தெருவில் மூன்று வீடுகளுக்கு அன்னையார் தம் கையாலேயே கொடுத்தார். அவற்றுள் ஒன்று சேச்சியின் வீடு.

பாண்டி லாரியில் வரவில்லை; பாண்டிக்காரர் வீட்டிலிருந்தே வந்திருக்கிறது! இதை யாரிடம் சொல்வது? சொல்லாமல் இருந்துவிடலாம் என்றே முடிவு செய்தோம். எவருக்கும் தெரியாது, முட்டைக்கு முகவரி இல்லை. பதினைந்து நாள் அப்படியே கழிந்தது.

சேச்சியின் பேரன், ஐந்து வயதுப் பாலகன், நத்தைகளை வரிசையில் விட்டுப் பந்தயம் நடத்துவான். ஒருநாள் அவனுக்குக் கடுங்காய்ச்சல்; தலைவலி தாளாமல் அழுதான். மருத்துவமனையில் சேர்த்தனர். நத்தையைத் தொட்டதுண்டா என்று மருத்துவர் கேட்டதாகச் செய்தி வந்தது. அந்தக் கேள்வியின் பொருள் எங்களுக்கு அப்போது தெரிந்திருந்தது. எலியின் நுரையீரலில் வாழும் ஒருவகைப் புழுவின் குஞ்சுகள் இந்நத்தையின் உடலிலும் வளர்கின்றன. நத்தையைச் சரிவர வேகவைக்காமல் உண்டாலும், அதன் வழுவழுப்புப் பட்ட கையையோ கழுவாத கீரையையோ வாயில் வைத்தாலும் அவை மனித உடலுள் புகக்கூடும். மூளையைச் சூழ்ந்த சவ்வில் அழற்சி உண்டாகும். கேரளத்தில் குழந்தைகளுக்கு இந்நோய் கண்டதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கின்றனர். (வயல் நத்தையை மூலத்துக்கு மருந்தென்று சமைத்துண்ணும் வழக்கம் நம்மவரிடையே உண்டு. அது வேறு, இது வேறு என்பதை இவ்விடத்திலேயே சொல்லிவிடுகிறோம். இதை உண்ண எண்ணற்க. வெறுங்கையால் தீண்டவும் வேண்டா.)

மூன்று நாள். அன்னையார் பூப்பறிக்கவில்லை. சாமிக்குப் பூவின்றி விளக்கேற்றினார். மூன்றாம் நாள் மாலையில், அது வழக்கமான மழைக்காலக் காய்ச்சலே, அஞ்ச வேண்டுவதில்லை என்று சொல்லிப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பினர். அன்றிரவே அன்னையார் எங்களைக் கூப்பிட்டு, “வாங்க, போய்ச் சொல்லிட்டு வருவோம். இனி ஒளிச்சு வச்சா எனக்கு ஒறக்கம் வராது” என்றார்.

சேச்சி திண்ணையில் இருந்தார். எரு வாங்கியதும், முட்டையைக் கிளறிவிட்டதும், பதியன் கொடுத்ததும், ஆற்றங்கரையில் விட்டதும் எல்லாம் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின், எழுந்து உள்ளே போய், உரச்சாக்கு ஒன்றை எடுத்துவந்து எங்கள் முன் போட்டார். அதே வண்டிக்காரரிடம் அவரும் அதே கிழமையில் இரண்டு மூட்டை வாங்கியிருந்தார். எவர் வீட்டு நத்தை எவர் வீட்டுக்குப் போயிற்று என்று இனி எந்த நீதிமன்றமும் தீர்த்துச் சொல்ல இயலாது. “ஞான் அன்னு சொன்னது தெற்றாயிப்போயி, அம்மே” என்றார். பாண்டி லாரியைத்தான் சொன்னார். அன்னையார் அவர் கையைப் பற்றிக்கொண்டார்.

அதன்பின் நடந்தது வேலை. ஒரு வீட்டார் மட்டும் முயன்று பயனில்லை. நத்தைக்கு மதில் ஒரு பொருட்டன்று. ஆகவே தெருவில் ஒன்பது வீட்டாரும் கூடினோம். பீச்சியிலுள்ள கேரள வன ஆராய்ச்சி நிலையத்தார் பரப்பிய முறையையே பின்பற்றினோம். மாலையில் ஈரச் சாக்கில் முட்டைக்கோசு இலையும் பப்பாளி இலையும் பொதிந்து ஆங்காங்கே வைப்பது. இரவு எட்டு மணிக்குமேல் கையுறை அணிந்து அள்ளுவது. செறிந்த உப்புநீர் நிறைந்த வாளியில் இடுவது. காலையில் ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பிட்டு மூடுவது. உப்பை மண்ணில் தூவலாகாது. நத்தை சாகும் முன்னர் மண் செத்துப்போகும். வாளியிலுள்ள உப்புநீரையும் செடிப்பக்கம் கொட்டக்கூடாது.

எஞ்சியவற்றுக்குத் தெளிமருந்து. 25 கிராம் புகையிலையை ஒன்றரை லிட்டர் நீரில் கொதிக்கவைத்து வடிகட்டுக. 60 கிராம் துரிசை ஒரு லிட்டர் நீரில் கரைத்து அதனோடு சேர்த்துத் தெளிக்க. இங்கே துரிசு என்பதை நாஞ்சில் நாட்டில் துருசு என்றும், நாட்டு மருந்துக் கடைகளில் மயில்துத்தம் என்றும் சொல்வர். சாலையில் இரண்டும் கிடைக்கும். புகையிலை கேட்டபோது கடைக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். எங்கள் வீட்டில் எவருக்கும் அப்பழக்கம் இல்லை என்பது அவருக்குத் தெரியும். இம்மருந்தை மதிலடியிலும் வெற்றிடத்திலுமே தெளித்தோம். இளந்தளிரில் பட்டால் கருகிவிடுவதைக் கண்டோம். துரிசு மீனுக்கு நஞ்சாதலின் கிணற்றடிப் பக்கம் கொண்டுபோகவில்லை. மெட்டால்டிஹைடு என்ற நச்சுக்குளிகையும் உண்டு. அதைத் தின்ற நாய் இறக்கவும் கூடும். குழந்தைகளும் வளர்ப்புயிர்களும் உள்ள தெருவில் அது வேண்டாமென்று விலக்கினோம்.

ஒரு வீட்டார் வாத்து வளர்த்தனர். சிறு நத்தைகளை அவை விரும்பித் தின்றன. செம்போத்து ஒன்று தானே வந்து மதிலில் அமர்ந்து, நாள்தோறும் தன் பங்கை எடுத்துக்கொண்டது. நத்தைக்குப் பகையாக வேறொரு நத்தையைக் கொண்டுவந்து விடலாமே என்று இளைஞர் ஒருவர் கேட்டார். அவாய்த் தீவில் 1955இல் அதைத்தான் செய்தனர். அமெரிக்காவின் ஊனுண்ணி நத்தை ஒன்றைக் கொணர்ந்து விட்டனர். அது பெருநத்தையை ஒழிக்கவில்லை. தீவுக்கே உரிய, தீங்கறியாத மரநத்தைகளைத் தின்றது. மொரேயாத் தீவில் 1977இல் அதே தவற்றை மீண்டும் செய்து, அங்கே வேறெங்கும் இல்லாத நத்தையினங்களைக் காட்டில் இல்லாமலாக்கினர். பெருநத்தை எஞ்சியது.

நமக்கும் அத்தகைய உரிமைச் செல்வம் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழும் இண்ட்ரெல்லா என்னும் நத்தை, மெல்லிய ஓடும் குருதிச் சிவப்பான உடலும் உடையது. மலைப்பக்கம் வாழும் அன்பர்கள் நத்தை வேட்டையில் அதையும் வாளியில் இட்டுவிட வேண்டா. பழுப்பு வரியோடிய கூம்போட்டை நன்கு பார்த்தபின் கை வையுங்கள். அவசரத்தில் கொல்பவனுக்கு எல்லா நத்தையும் ஒன்றே.

அன்னையார் ஓர் இரவும் வாளியின் அருகே வரவில்லை. ஆனால் நாட்குறிப்பு ஒன்றை எடுத்துவைத்துக்கொண்டு, ஒவ்வொரு வீட்டிலும் பிடித்தவை எத்தனை என்று கேட்டுக் கேட்டு எழுதினார். எதற்கு என்றோம். “கொல்லத்தான் செய்யுதோம். எத்தனைன்னாவது தெரிஞ்சிருக்கணும் மக்கா” என்றார். முதல் மழைக்காலத்தில் எங்கள் வீட்டுக் கணக்கு மட்டும் 1,140. இரண்டாம் ஆண்டு 396. மூன்றாம் ஆண்டு 71. நான்காம் ஆண்டு இடவப்பாதியில் 9. ஆற்றங்கரையில் விட்டவை எத்தனை ஆயினவோ! அந்தப் பக்கத்தை அவர் எழுதாமல் வெற்றாகவே விட்டிருக்கிறார்.

சென்ற துலாமாதத்தில் சேச்சி பிச்சிப் பதியன் ஒன்று கேட்டார். பழையதை நத்தை தின்றுவிட்டது. அன்னையார் பதியனைப் பெயர்த்து, வாளித் தண்ணீரில் மூன்று முறை அலசி, வேரில் ஒரு பொட்டு மண்ணும் இல்லாமல் விரலால் வழித்து, ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தார். “தாய்மண்ணு இல்லாம பிடிக்குமோ, அம்மே?” என்று சேச்சி ஐயுற்றார். இரண்டு கிழமை வாடிக் கிடந்தது. இப்போது அவர்கள் மதிலேறி எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கிறது.